மூன்று ராஜாக்களும் மூன்று தலை நாயும்

கிறிஸ்துமஸ் குடிலைக் கையால் செய்த கடைசித் தலைமுறை நாமாகத்தான் இருப்போம். இப்போது கடையில் பெட்டியாகவே கிடைக்கிறது. திறந்தால் மாட்டுத் தொழுவம், வைக்கோல், விளக்கு எல்லாம் ஒட்டியே வருகிறது. நாம் சிமெண்ட் சாக்குத் தாளைச் சேர்த்து, கஞ்சிப் பசையில் முக்கி, கசக்கி மலை செய்தோம். அதன் மேல் கரித்தூளும் நீலமும் தெளித்தோம். உடைந்த முகக்கண்ணாடி குளமாயிற்று. தகர டப்பா மூடிகளில் கேழ்வரகை முளைக்கப் போட்டு, திருநாளுக்குள் விரல் உயரம் வளர்ந்துவிட வேண்டுமே என்று காலையில் பல் விளக்குமுன் போய்ப் பார்த்தோம். ஈரக் கேழ்வரகும் புளித்த பசையும் கலந்த வாசனைதான் எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ராஜாக்களை நகர்த்துவதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாலகனைக் காண வந்த மூன்று ராஜாக்களைக் கிறிஸ்துமஸ் அன்றே தொழுவத்தில் கொண்டு நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் தூர தேசத்துக்காரர்கள். மலை உச்சியில் தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஜனவரி ஆறாம் தேதி, ராஜாக்கள் திருநாளன்றுதான் பாலகனிடம் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. வேறு யாரும் தொட முடியாது.

நான் சொல்லப்போவது தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து அதிக நாள் ஆகாத ஒரு வருடத்தைப் பற்றி. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு கடற்கரைக்கு ஒரு தெரு பின்னால். தெருமுனையில் சங்குக் கிட்டங்கி இருந்தது. குளியாளிகள் எடுத்து வந்த சங்குகளைச் சதை அழுகுவதற்காக அங்கே குவித்து வைத்திருப்பார்கள். கொண்டல் காற்று அடித்தால் அந்த நாற்றம் சோற்றுப் பானைக்குள் வரும். வெளியூர் உறவினர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அப்பா வெளிநாட்டுக் கப்பல்களில் மாலுமி. அந்த வருடம் ஒரு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் இருந்தார். கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்த்த பெரியப்பாதான் அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர். அப்பா புறப்பட்டபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். முந்தைய மழையில் பரண் ஒழுகி, எங்கள் களிமண் ராஜாக்கள் மூவரும் கரைந்து ஒரே கட்டியாகி இருந்தார்கள். “போற ஊர்ல எங்கனயாவது நல்ல ராஜாக்க மூணு பேரப் பாத்து வாங்கிட்டு வாங்க,” என்றாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பெட்டி வந்தது. அப்பாவோடு வேலை பார்த்து விடுப்பில் வந்த மணப்பாட்டுக்காரர் ஒருவர் அதைத் தோளில் சுமந்து வந்தார். கருப்பட்டிக் காப்பி குடித்தார். “குடுக்கச் சொன்னாரு. அவரும் கொழும்புல இறங்கிக் கிறிஸ்துமசுக்கு வந்துருவாரு,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

பெட்டியை அம்மாவும் அத்தையும் திறந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை, அப்போது கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வீடு. தையல் மிஷின் வைத்திருந்தாள், வாயும் அந்த மிஷினைப் போலவே ஓடும். வைக்கோலுக்குள்ளிருந்து வெள்ளைச் சுண்ணாம்புச் சிலைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் தாடி வைத்த மூன்று பேர்.

“ராஜாக்கதான். தாடியப் பாரு,” என்றாள் அம்மா.

“ஒருத்தன் கையில என்ன மைனி, மீன் குத்துற ஈட்டியா? நம்ம ஆளு போல.”

“ராஜா கோலு. அந்த ஊர்ல அப்படித்தான் பிடிப்பாக.”

அது மூன்று முனை கொண்ட சூலம். பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று அம்மா அதன் மேல் ஜிகினாத் தாளில் ஒரு நட்சத்திரம் வெட்டி ஒட்டினாள். இன்னொருவர் கையில் வளைந்து நெளிந்த ஒன்று இருந்தது. மின்னல் என்று அப்போது தெரியவில்லை, பொன் கட்டி என்று முடிவாயிற்று. மூன்றாமவர் காலடியில் நாய் உட்கார்ந்திருந்தது.

“மூணு நாயி,” என்றேன் நான்.

“குளிருக்கு ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்குக,” என்றாள் அம்மா.

“தலைதான் மூணு. ஒடம்பு ஒண்ணுல்லா இருக்கு?” என்றாள் அத்தை.

“மத்தது பின்னால இருக்கும்.”

அத்தை திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு வால்தான் இருந்தது.

அடுத்து வந்தவளைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் மூடினாள். ஒரு பெரிய சிப்பிக்குள் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றாள் அவள்.

“முத்துக் குளிக்க வந்தவளாக்கும் மைனி. சிப்பியோடயே வந்துட்டா.”

“குளிக்க வந்தாலும் கட்டிக்கிட்டு வரணும்.”

அத்தை அன்று மாலையே ரவிக்கைத் துணியில் அவளுக்கு ஒரு பாவாடை சட்டை தைத்து, கண்ணாடிக் குளத்தின் கரையில் துணி துவைக்க நிறுத்திவிட்டாள். தலைக்கவசமும் ஈட்டியுமாக, தோளில் ஆந்தையோடு வந்த பெண்ணுக்கு ஏரோது அரண்மனை வாசலில் காவல் வேலை கிடைத்தது. “பொம்பளப் போலீசுதான் இப்ப வந்துட்டாகல்லா,” என்றாள் அத்தை. கோதுமைக் கதிரோடு இருந்தவள் இடைச்சி ஆனாள். ஓர் இளைஞனுக்கு இறக்கைகள் இருந்தன, ஆனால் கால் செருப்பில். “எறக்கை மொளைச்ச எடம் சரியில்ல. பறந்தாச் சரி,” என்று நூலில் கட்டி, வானதூதச் சம்மனசாகத் தொழுவத்தின் மேல் தொங்கவிட்டார்கள்.

தெருவில் யாரும் அப்படி ஒரு குடிலைப் பார்த்ததில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் பங்குசாமியார் வீடு வீடாக வந்து குடில்களை மந்திரித்தார். கண்ணில் புரை விழுந்த வயதானவர். எங்கள் குடில் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டு, ஜெபம் சொல்லி, தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். மூன்று தலை நாயின் நடுத்தலையில் ஒரு துளி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா வரவில்லை. அவருடைய கப்பல் ரங்கூனிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது வரை பெரியப்பாவின் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு வங்காள விரிகுடாவில் புயல் அடித்தது. கொழும்பில் கப்பல் சேரவில்லை. பெரியப்பா தினமும் சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வராமல், “சேதி ஒண்ணும் வரல,” என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மா அந்த வார்த்தைகளுக்காகவே கதவோரம் நின்றிருப்பாள். அவர் போனபின் அடுப்படிக்குப் போய் எதையாவது கழுவுவாள். கழுவியதையே கழுவுவாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பெரியப்பா ஒரு வெள்ளைக்கார ஆபீசரை அழைத்து வந்தார். புதுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு கிரேக்கக் கப்பலில் அவர் அதிகாரி. திருநாளன்று வேற்றூர் மனிதனுக்குச் சோறு போடுவது நல்லது என்று பெரியப்பா சொன்னார். அவர் எதற்காக அழைத்து வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆபீசர் ஆட்டுக்கறிக் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். கை கழுவத் திரும்பியபோது குடில் கண்ணில் பட்டது. கிட்டே போய்க் குனிந்தார். ஒரு கையால் வாயைப் பொத்தினார். பிறகு சிரித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தவளைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். கேலியாகத் தெரியவில்லை. ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களை அந்நிய ஊர்த் திருவிழாவில், அதுவும் நாடக வேஷத்தில், பார்த்தவரைப் போல இருந்தது.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லப் பெரியப்பா தமிழில் சொன்னார்.

“மூணு பேரும் ராஜாதானாம்.”

“நாந்தான் சொன்னேன்லா,” என்றாள் அம்மா.

“கூடப் பெறந்த அண்ணன் தம்பியாம். சீட்டுப் போட்டு ஒலகத்தப் பங்கு வச்சுக்கிட்டாகளாம். இவன் ஆகாசத்துக்கு ராஜா. இவன் கடலுக்கு.”

“கடலுக்கா?” என்று அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

ஆபீசரின் விரல் மூன்றாமவரைத் தொட்டது. பிறகு தரையைக் காட்டியது. பெரியப்பா மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, ஆபீசர் செருப்புக் காலால் தரையைத் தட்டினார். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினார். பெட்டிக்குள் கிடக்கும் பிணம் மாதிரி. பிறகு கண்ணைத் திறந்து, நாயின் தலைகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்தார்.

யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

போகுமுன் பெரியப்பா அப்பாவின் கப்பல் பெயரைச் சொன்னார். ஆபீசர் சிரிப்பை நிறுத்தி, சிகரெட் பெட்டியின் மேல் அதை எழுதிக்கொண்டார். வாசலில் திரும்பிக் குடிலைப் பார்த்துச் சிலுவை போட்டார். வலத் தோளை முதலில் தொட்டு, பிறகு இடத் தோளை. “மாத்திப் போடுதான்,” என்று அத்தை முணுமுணுத்தாள்.

அவரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் பெரியப்பா தனியாகத் திரும்பி வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

“வேதத்துக்கு வாரதுக்கு முந்தி அவுக கும்பிட்ட சாமிகளாம் எல்லாம். போகட்டும். ஆனா பாலகனுக்கு முன்னால நரகத்து ராஜாவ நிறுத்தி வச்சிருக்கியே ஏளா. இப்படி இருந்தா தம்பி கப்பல் எப்படிக் கரைக்கு வரும்?”

“தெரியாம வச்சதுதான அத்தான்?”

“இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா. எடுத்துரு.”

“சாமியார் தீர்த்தம் தெளிச்சாச்சே.”

பெரியப்பா யோசித்தார். மந்திரித்த சுரூபம் உடைந்தாலும் குப்பையில் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. வள்ளத்தில் கொண்டுபோய், ஆழமான இடத்தில் கடலில் விட்டுவிட வேண்டும்.

“அப்பக் கடல்ல விட்டுருவோம். நாளைக்கு வள்ளத்துக்குச் சொல்லுதேன்.”

“எந்தக் கடல்ல?” என்றாள் அம்மா.

“எந்தக் கடலா? நமக்கு இருக்கது ஒரு கடலுதான்.”

“அதான் கேக்கேன். அவுக இருக்க கடல்லயா இவனக் கொண்டு விடச் சொல்லுதீக?”

பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே பையன்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பெரியப்பா பங்குசாமியாரையே கூட்டி வந்துவிட்டார். சாமியார் ஒரு பூதக்கண்ணாடியோடு குடிலுக்கு முன் முழங்கால் போட்டு, ஒவ்வொரு சிலையாக முகத்தருகே வைத்துப் பார்த்தார். “நீயா,” என்றார் ஒன்றிடம். “அடடே, நீயும் வந்திருக்கியா,” என்றார் இன்னொன்றிடம். குருமடத்தில் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் பழகிய முகங்கள் என்று பிறகு சொன்னார்.

“சாமி, இதுகள மந்திரிச்சது செல்லுமா?” என்றார் பெரியப்பா.

“தண்ணி தெளிச்சாச்சு. திருப்பி எடுக்க எனக்குத் தெரியாதே.”

“நரகத்து ராஜா சாமி இவன்.”

“பசாசு இல்லப்பா. செத்தவங்களக் கூட்டிட்டுப் போயி வச்சிக்கிறவன். அப்படித்தான் அவங்க கதை.” பிறகு அம்மா நின்ற திசைக்குத் திரும்பினார். “இதுகள நீ கும்பிடலியேம்மா?”

“இல்ல சாமி.”

“பெறகு எதுக்கு வச்சிருக்கணும்னு சொல்லுத?”

“ஒரு காரியத்துக்கு. ராஜாக்க திருநாளு முடியட்டும், எடுத்துருதேன்.”

சாமியார் என்ன காரியம் என்று கேட்கவில்லை. பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். “முடியட்டும்,” என்றார்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அதன் பின் அவர் வாசலுக்கு வரவில்லை. ‘சேதி ஒண்ணும் வரல’ என்ற வார்த்தையை அலுவலகப் பையன் வந்து சொன்னான். தெருவில் சிலர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நடையை வேகமாக்கினார்கள். பெரியப்பா கல்நெஞ்சுக்காரர் என்றுதான் அப்போது நினைத்தேன். தம்பியை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டவர் அவர் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். தெரிந்தும், அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வயது போதவில்லை. யாராவது ஒருவரைக் கடலில் எறிந்தால் மனம் ஆறும் என்ற நிலையில் அவர் இருந்திருக்கிறார்.

அம்மா ராஜாக்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆனால் வழக்கமான முறையில் அல்ல. ஆகாச ராஜா எப்போதும்போலக் கொஞ்சம் கொஞ்சமாக மலையிறங்கினார். கடல் ராஜா உச்சியிலேயே நின்றார், கண்ணாடிக் குளத்தைப் பார்த்தபடி. செத்தவர்களின் ராஜாவை மட்டும் அம்மா ஒவ்வொரு நாளும் இரு மடங்கு தூரம் நகர்த்தினாள். வருடப் பிறப்புக்குள் அவர் நாயோடு தொழுவத்துக்குள் வந்து, பாலகனின் காலடியில் நின்றுவிட்டார். மாட்டையும் கழுதையையும் தள்ளி வைத்து இடம் செய்யப்பட்டது.

“கடல் ராஜா ஏம்மா வரல?” என்று கேட்டேன்.

“அவருக்கு அங்கன வேலை கெடக்கு. கடலப் பாக்கட்டும்.”

“அப்ப இவரு?”

“இவருக்கு அங்கன ஒரு வேலையும் இல்ல. இங்கனயே நிக்கட்டும். பாலகன் கண்ணு முன்னாலயே நிக்கட்டும். எங்கயும் போவாண்டாம்.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்த கண்டிப்பான விருந்தாளியை எழுந்து போகவிடாமல் பேச்சுக் கொடுப்பவளைப் போல. காலையில் அவர் முன்னால் ஒரு சின்னத் தம்ளரில் காப்பி வைத்தாள். நாய்க்கு நான் மக்ரூனை உடைத்து, மூன்று வாய்க்கும் மூன்று துண்டு வைத்தேன். “வயிறு ஒண்ணு, தீனி மூணா?” என்றாள் அத்தை. ஆனாலும் தன் பங்கு மக்ரூனையும் உடைத்து வைத்தாள். எறும்பு மொய்த்தது. அம்மா எறும்பைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள்.

ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், பெரியப்பாவின் சைக்கிள் வாசலில் விழும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை, விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு சிகரெட் பெட்டி அட்டை. அந்த ஆபீசர் தன் கப்பல் வயர்லெஸ்காரரிடம் சொல்லி, வழியில் போகும் கிரேக்கக் கப்பல்களையெல்லாம் விசாரிக்க வைத்திருக்கிறார். ஒரு கப்பல் பதில் சொல்லியிருக்கிறது. புயலில் எஞ்சின் பழுதாகி, வயர்லெஸ்ஸும் கெட்டு, அலைந்து திரிந்த அப்பாவின் கப்பலை இன்னொரு கப்பல் கட்டி இழுத்துப் பர்மாக் கரைக்கே கொண்டு சேர்த்துவிட்டது. ஆட்கள் எல்லோரும் நலம்.

இதைச் சொல்லி முடிக்கப் பெரியப்பாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தானளா அவன அந்தக் கப்பல்ல ஏத்தி விட்டேன்,” என்றார்.

“எனக்குத் தெரியாதா அத்தான்?” என்றாள் அம்மா. “காப்பி குடிங்க.”

அவர் குடிலைப் பார்த்தார். தொழுவத்துக்குள் நாயோடு நின்றவரைப் பார்த்தார். பிறகு மலை உச்சியில் தனியாக நின்ற கடல் ராஜாவைப் பார்த்தார்.

“இவன் ஏன் இன்னும் அங்கனயே நிக்கான்?”

“வேலை முடியல. இப்பத்தான் முடிஞ்சுது.”

பெரியப்பா கை நீட்டி, ஜிகினா நட்சத்திரம் பிய்ந்துவிடாமல், கடல் ராஜாவை எடுத்து இறக்கித் தொழுவத்தில் வைத்தார். அம்மா தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அவளைத் தவிர வேறொருவர் ராஜாவை நகர்த்தியது அந்த ஒருமுறைதான்.

அம்மா செத்தவர்களின் ராஜாவை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இத்தன நாளு நின்னுட்டான். காலு வலிச்சிருக்கும்,” என்று சொல்லி வைக்கோலில் படுக்க வைத்தாள். பக்கத்தில் நாயை வைக்க முடியாது, அது அவர் காலோடு ஒட்டியது. அதுவும் கூடவே படுத்துக்கொண்டது.

ஈஸ்டருக்கு முந்தைய தவசுகாலம் தொடங்குமுன் அப்பா இளைத்துப் போய் வந்து சேர்ந்தார். பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, “கடையில மூணு ராஜா வேணும்னு கேட்டேன். இவுகளத்தான் எடுத்து வச்சான். மத்ததுகளச் சும்மா போட்டுக் குடுத்தான்,” என்றார். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் கடலை விட்டு உப்பு ஆபீஸ் வேலைக்கு வந்துவிட்டார்.

சிலைகள் ஒவ்வொன்றாகப் போயின. பெண் போலீஸின் ஆந்தை முதலில் உடைந்தது. சிப்பிக்காரியின் பாவாடையை எலி கடித்தது. அத்தை கல்யாணமாகிப் போகும்போது அவளைக் கேட்டு வாங்கிப் போனாள். சம்மனசு நூல் அறுந்து விழுந்தான். உடைந்தவற்றை வழக்கப்படி வள்ளத்தில் கொடுத்துவிட்டோம். நாயோடு நின்றவரை மட்டும் அம்மா தனியாகத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தாள். சாமியாரிடம் சொன்னபடி திருநாள் முடிந்ததும் எடுத்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் குடில் கட்டியதும் முதலில் அவரைத்தான் கொண்டுவந்து பாலகனின் காலடியில் நிறுத்துவாள். மற்ற இருவரும் போனபின் கடையில் வாங்கிய ராஜாக்கள் வழக்கம்போல மலையிறங்கி வந்துகொண்டிருப்பார்கள். கேட்பவர்களிடம் காரணம் சொன்னதில்லை. காப்பித் தம்ளர் மட்டும் கொஞ்ச காலத்தில் நின்றுபோயிற்று.

சில வருடங்களுக்கு முன், அப்பா தன் கட்டிலில், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தபடியே காலமானார். எங்களுக்கெல்லாம் தலை நரைத்திருந்தது. பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள, அவள் பொதுவாகச் சொன்னாள்:

“பொறுமையான ஆளுதான். எவ்வளவு வருசம் பொறுத்துக் காத்துக் கெடந்தாரு.”

ஆமாம், நல்ல பொறுமைசாலி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அப்பாவைத்தான் அவள் சொல்லுகிறாள் என்று நினைத்தார்கள். நான் பீரோவைப் பார்த்தேன்.